கௌண்டன்யா கரையிலிருந்து ஒரு நன்றி

குடியாத்தம் சொந்தங்களுக்கு வணக்கம்.

எங்களுக்குக் கௌண்டன்யா ஆறு என்றால் மணல்தான். பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். மோர்தானா அணை வழிந்தால் வேடிக்கை பார்க்கப் போவோம், அவ்வளவுதான். அதனால் 2021 நவம்பரில் தாழ்வு மண்டலம், வெள்ள எச்சரிக்கை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னபோதும் நான் தறியை விட்டு எழவில்லை.

தண்ணீர் வந்தது தறிக்குழியில்தான் முதலில் தெரிந்தது. மிதியில் கால் வைத்தால் சளக் என்றது. பாவில், அதாவது தறியில் ஏற்றிய நீள நூலில், இன்னும் 8 லுங்கி பாக்கி. அதை அறுத்துச் சுருட்டி மேலே கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் நாலு பேர் கயிறும் டார்ச்சுமாக வந்தீர்கள். "பெரியப்பா, முதல்ல கிளம்புங்க" என்றீர்கள். நான் வாயில் வந்தபடி திட்டினேன். நீங்கள் பதில் பேசாமல் என் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அப்புறம் நான் வராமல் என்ன செய்வது?

19ஆம் தேதி விடியலில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 குழந்தைகள். நாங்கள் தங்கியிருந்த மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பின்சுவரும் மண்சுவர்தான். அன்று மதியம் அதுவும் தறி மேலேயே சரிந்தது. பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது, 1903க்குப் பிறகு இப்படி இல்லை என்று பெரியவர்கள் கணக்குச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சுவர் ஒன்றே போதும்.

மண்டபத்தைத் திறந்துவிட்டவருக்கும், மூன்று நாளும் பெரிய டேக்சாவில் சாம்பார் சாதம் கிண்டிய பள்ளிவாசல் தெரு தம்பிகளுக்கும் நன்றி. (உப்பு கொஞ்சம் கம்மி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) முழங்கால் சேற்றை வாரிய தூய்மைப் பணியாளர்கள் கையுறைகூட இல்லாமல் வேலை செய்தார்கள். அவர்களுக்கு நன்றி என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நனைந்த பாவுக்குக் கூலியில் பிடிக்காமல் புதுப் பாவு கொடுத்த முதலாளிக்கும் நன்றி.

அந்த நாலு பையன்களின் பெயரை நான் கேட்கவே இல்லை. தம்பிகளா, திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நீலக் கயிறும் டார்ச்சும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. தறி மறுபடி ஓடுகிறது. முதலில் அறுத்த நாலு லுங்கியை எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் சாயங்காலமாக வாருங்கள்.