தில்லியில் இரண்டு தீபாவளி

மயூர் விஹார்,
தில்லி.

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. நவராத்திரி முடிந்த கையோடு இங்கே தில்லி துவாரகாவுக்கு மகன் வீட்டுக்கு வந்து, கார்த்திகை தீபம் வரை இருக்கப் போகிறாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலி குறைந்திருப்பதும் நல்ல சேதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம் பூக்கடைகளில் இப்போதே கூட்டம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு இந்த ஊர்ப் பண்டிகையை எப்படித் தாண்டுவது என்று கேட்டுவிட்டு, "டயட் சார்ட் மட்டும் அனுப்பாதே" என்று மிரட்டியும் இருக்கிறாய். சார்ட் இல்லை. ஆனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசி விடியலில். இங்கே இருப்பவர்களுக்கு அமாவாசை மாலையில், லட்சுமி பூஜையோடு. சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் விழும், சில வருஷம் அடுத்தடுத்த நாளில். எப்படி விழுந்தாலும் தில்லியில் இருக்கும் தமிழ் வீட்டுக்கு விடிகாலை நாலு மணிக்கு ஒரு தீபாவளி, நடுராத்திரி வரை இன்னொரு தீபாவளி. முன்னால் தன்தேரஸ், பின்னால் கோவர்த்தன பூஜை, பாய் தூஜ். தேவ் உத்தனி ஏகாதசி வந்துவிட்டால் கல்யாண சீசன். உடம்பைக் கெடுப்பது அந்த ஒரு நாள் பட்சணம் இல்லை, ஒன்றரை மாதமாக டப்பாவைத் திறந்து திறந்து மூடுவதுதான். அதனால் பண்டிகை அன்றைக்கு வாயைக் கட்டு என்று சொல்ல மாட்டேன். மற்ற நாட்களில்தான் நான் கறார்.

மைசூர்பாகையே எடுத்துக்கொள். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய். அதை முப்பது துண்டு போட்டால் ஒரு துண்டு சுமார் 30 கிராம் வரும். அதில் சர்க்கரை 13 கிராம், நெய் 14 கிராம் சொச்சம். ஏறக்குறைய 200 கலோரி. இனிப்பாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு துண்டிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். சாப்பிடுவதானால் வெறும் வயிற்றில் வேண்டாம், காபியோடும் வேண்டாம். காய், பருப்பு, சாதம் எல்லாம் ஆன பிறகு கடைசியில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிஷம் நட. அதே துண்டுக்குச் சர்க்கரை அவ்வளவு எகிறாது. மிக்சர் இனிப்பில்லையே என்று அண்ணன் கை வைப்பார், தெரியும். அவருடைய பிரஷருக்கு அதிலுள்ள உப்புதான் வினை. கிண்ணத்தில் போட்டுக் கொடு, டப்பாவோடு கொடுக்காதே.

அக்கம்பக்கத்திலிருந்து வரும் இனிப்புப் பெட்டிகளை அன்றைக்கே பங்கு பிரித்துவிடு. பர்பி, பேடா மாதிரி கோவா இனிப்புகள் வெளியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடு.

இனி அந்த நாலு மணி விஷயம். தைராய்டு மாத்திரையை எழுந்த உடனே வெறும் தண்ணீரில் போட்டுக்கொள். பிறகு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மாத்திரைக்கு வேண்டிய இடைவெளியும் அவ்வளவுதான். அதற்கப்புறம் லேகியம், அப்புறம் காபி. முதலில் லேகியத்தை விழுங்கிவிட்டு மாத்திரை போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்காதே, குளியலறையில் ரப்பர் மேட் போடச் சொல். சர்க்கரைக்காரர்கள் சிலருக்குப் பாதத்தில் சூடு சரியாக உறைக்காது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலில் விடு. மகன் வீட்டில் கேஸ் கீசரா, கரன்ட் கீசரா என்று முதலில் கேள். கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால், குளிருகிறது, புகை வருகிறது என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடும்.

லேகியம் நீயே கிளறிவிடு. தனியா இரண்டு மேசைக்கரண்டி, ஓமம் இரண்டு, மிளகு ஒன்று, சீரகம் ஒன்று, அரிசித் திப்பிலி ஒன்று, விரல் நீளம் சுக்கு, கண்டந்திப்பிலி எட்டுப் பத்துக் குச்சி. லேசாக வறுத்து, பொடித்து, கட்டாயம் சலி. சலிக்காவிட்டால் தொண்டையில் நார் நாராகச் சிக்கும். 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பொடியைத் தூவிக் கிளறு. மூன்று கரண்டி நெய், இரண்டு கரண்டி நல்லெண்ணெய். பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போதே அடுப்பை அணைத்துவிடு. இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று விட்டால் ஆறியதும் கல்லாகிவிடும். தேன் ஆறிய பிறகுதான். அண்ணனுக்கு நெல்லிக்காயளவு, உனக்குச் சுண்டைக்காயளவு. வெல்லமும் சர்க்கரைதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தக் காரம் ஆகாது.

சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மின் மட்டும்தானா, கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பார். கிளிமிபிரைடு இருந்தால் அதைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. லட்சுமி பூஜை வீட்டில் சாப்பாடு பத்து மணிக்குக் குறைந்து வராது. ஏழரைக்கே வீட்டில் இரண்டு சப்பாத்தியும் கூட்டும் சாப்பிட்டு, மாத்திரையையும் உன் டாக்டர் சொன்னபடி அதனோடு முடித்துக்கொண்டு போ. அங்கே பெயருக்கு ஒரு வாய் போதும். வேர்த்து, கை நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. கால் மணி கழித்து மறுபடியும் சோதித்துப் பார்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐப்பசியில் இங்கே காற்று வீச்சு குறைந்துவிடும். ராத்திரி தரை குளிர்ந்ததும் குளிர்ந்த காற்று கீழேயே தேங்கும், மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் நின்றுவிடும். வண்டிப் புகை, பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல் தாள் புகை, பட்டாசுப் புகை எல்லாம் அதற்கடியில் மாட்டிக்கொள்ளும். நுண்துகள் பி.எம். 2.5-க்கு நம் நாட்டு வரம்பு ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று வைத்தது. தீபாவளி ராத்திரி அது பல மடங்கு ஏறி, விடியும் வரை இறங்காது. சென்னைப் பழக்கத்தில் ஐந்தரைக்கு வாக்கிங் கிளம்பிவிடாதே. வெயில் ஏறித் தரை சூடானால்தான் புகை கலையும், மத்தியானம் இரண்டிலிருந்து நாலுதான் உனக்கு நேரம். போனில் சமீர் ஆப்பில் ஏ.க்யூ.ஐ., அதாவது காற்றுத் தர எண், பார். 200-க்கு மேல் போனால் வீட்டுக்குள்ளேயே நட. வெளியே போனால் என்95 மாஸ்க், பின்தலையில் இரண்டு பட்டை மாட்டுவதாகப் பார்த்து வாங்கு. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு உதவாது.

இதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புகைக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, உள்ளே முறுக்கும் தேன்குழலும் பொரிப்போம். அந்த எண்ணெய்ப் புகையும் அதே நுண்துகள்தான். பொரிக்கும் வேலையையும் மத்தியானத்துக்கே வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுச் செய். ஏர் ப்யூரிஃபையரை அடுக்களைப் பக்கம் வைக்காதே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஃபில்டர் பாழாகும். அது இருக்க வேண்டிய இடம் கதவு மூடிய படுக்கையறை. 120 சதுர அடி அறைக்கு சி.ஏ.டி.ஆர்., அதாவது அது சுத்தமான காற்றைத் தரும் வேகம், மணிக்கு 170 கன மீட்டராவது வேண்டும். பொரித்த எண்ணெயை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடு. அதில் புது எண்ணெய் ஊற்றி மறுபடியும் பொரிக்காதே. நுரை தள்ளினால், அடுப்பில் வைத்ததும் புகைந்தால், கொட்டிவிட வேண்டியதுதான்.

இரண்டு தீபாவளியும் ஒரே நாளில் வந்தால் முந்தின ராத்திரி ஒன்பதுக்குப் படு, மத்தியானம் அரை மணி கண்ணை மூடு. அதுவும் முடியாது என்றால் ராத்திரி விருந்தை விட்டுவிடு. மகன் கோபித்துக்கொள்ள மாட்டான், மருமகள் உள்ளூர நன்றி சொல்வாள்.

கண்டந்திப்பிலி அங்கேயே நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள், சுக்கும் ஓமமும் இங்கே தாராளமாகக் கிடைக்கும். ஃப்ளூ ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், டாக்டரிடம் கேட்டுக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு வா, அங்கே விற்கும் கம்பெனி இங்கே கிடைக்காமல் போகலாம்.

அன்புடன்,
விஜயா