நிராகரிப்புக்குப் பிறகும் காப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கையின் கணவர் முக்கூடலில் பீடிக்கடைக் கணக்கர்; சர்க்கரை நோயுள்ள அவருடைய ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம் அண்மையில் நிராகரிக்கப்பட்டது. வந்த கடிதத்தில் ‘மருத்துவக் காரணங்களால் ஏற்க இயலவில்லை’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அடுத்து வேறொரு நிறுவனத்தின் படிவத்தை நீட்டிய முகவர், ‘முன்பு எங்கேனும் நிராகரிக்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிடலாம் என்றாராம். இதைவிடக் கெடுதலான யோசனை இருக்க முடியாது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, முக்கிய விவரம் மறைக்கப்பட்டிருந்தால் முதல் 3 ஆண்டுகளுக்குள் நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கலாம். அப்போது இழப்பீடு கிடைக்காமல் அலையப்போவது முகவர் அல்லர், குடும்பத்தார்தான்.

நிராகரிப்பின் காரணத்தை எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் பரிசோதனை முடிவுகளுடன் உண்மையைச் சொல்லி விண்ணப்பித்தால், கூடுதல் பிரீமியத்துடன் ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. அதுவரை, 18 முதல் 50 வயதுள்ளோர் வங்கிக் கணக்கு வழியாகவே சேரக்கூடிய பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டம் கைகொடுக்கும்: ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் ரூபாய் காப்பீடு, மருத்துவப் பரிசோதனை கிடையாது. விபத்து தவிர்த்த மரணத்துக்கு முதல் 30 நாட்கள் இழப்பீடு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீடித் தொழிலாளர்கள் மிகுந்த முக்கூடல், மேலப்பாளையம் பகுதி வங்கிக் கிளைகள் இத்திட்ட விவரத்தைத் தமிழில் எழுதி வாசலிலேயே ஒட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.