சந்தில் மண் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். தென்னைநார்க் கழிவு, நிழல்வலை, குரோபேக் என்று எல்லாம் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் விடுகிற சந்தைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்த நினைவில்லை. எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டும் ஓர் இளம் தம்பதி போன மாதம் என் வீட்டுச் சந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதைச் செய்து முடிக்க எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் என்றேன். அந்தப் பெண் திகைத்துப்போனாள். அவளுக்குச் சொன்னது வீடு கட்டும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் மனை ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. 1997-இல் கிழக்குப் பார்த்த வீடாகக் கட்டினோம். வடக்கே 5 அடி அகலம், 45 அடி நீளத்துக்குச் சந்து. கட்டி முடித்தபோது அதில் கிடந்ததெல்லாம் உடைந்த செங்கல், காய்ந்த சிமென்ட் கட்டி, சென்ட்ரிங் ஆணி. மொத்தமாகப் பூசிவிடலாம், பெருக்க எளிது என்றார் மேஸ்திரி. என் மாமியார் தடுத்துவிட்டார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் கிணறும் மாட்டுக்கொட்டிலும் இருந்த கொல்லையை விட்டுவிட்டு வந்தவர் அவர். "எனக்குக் கொல்லைன்னு மிச்சம் இருக்கறது இவ்வளவுதான், இதையும் மூடிடாதீங்க" என்றார். அந்த ஆவணியில் ஓர் அடி ஆழத்துக்குக் குப்பையைத் தோண்டி எடுத்து, இரண்டு மாட்டுவண்டி செம்மண்ணும் தொழுஉரமும் கொட்டினோம். முதலில் வைத்தது ஒரு கறிவேப்பிலைக் கன்று. அது இன்னும் இருக்கிறது.

முதல் மூன்று வருஷம் தோல்விதான். ரோஜா வைத்தோம், தக்காளி வைத்தோம். வைகாசியில் தளதளவென்று நிற்கும், கார்த்திகையில் வெளிறி ஒடிந்துவிடும். மண்ணைக் குறை சொன்னோம், உரத்தைக் கூட்டினோம். நாலாவது வருஷம்தான் என் கணவர் ஒரு காரியம் செய்தார். மாதத்துக்கு ஒரு தடவை, நடுப்பகலில், நிழல் எதுவரை விழுகிறது என்று காம்பவுண்டு சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும்வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த நாலு மாதமும் எங்கள் சந்தில் வெயில் நேராக இறங்கும். ஐப்பசி முதல் மாசி பாதி வரை சூரியன் தெற்கே போய்விடுவதால் வீட்டின் நிழல் சந்து முழுவதையும் மூடிவிடும். ஒரே இடம், வருஷத்தில் பாதி வெயில், பாதி நிழல். இரண்டையும் தாங்குகிற செடிதான் அங்கே நிற்கும்.

அதற்குப் பிறகு செடிக்காக இடம் தேடாமல் இடத்துக்காகச் செடி தேடினோம். வாசல் பக்கம் காலை வெயில் படும் இடத்தில் துளசி, நந்தியாவட்டை, சுவரோரம் சங்குப்பூ. நடுவில் கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதோடை. துணி துவைக்கும் கல்லுக்கு அருகே ஈரம் காயாத மூலையில் வல்லாரை, பெரணி, சேம்பு. அரிசி கழுவிய தண்ணீர் போய் விழும் இடத்தில் கல்வாழை. வெற்றிலைக் கொடி இரண்டு முறை செத்து, மூன்றாவது முறை பிடித்தது. மாமியாருக்குக் கடைசிவரை வெற்றிலை கடையில் வாங்கவில்லை.

நடைபாதையை அமைத்தது தனிக் கதை. எவ்வளவு அகலம் விடுவது என்று தெரியாமல் இருந்தபோது, சிலிண்டர் போடுகிறவரைத் தோளில் சிலிண்டரோடு ஒரு தடவை நடந்துவரச் சொல்லி அளந்தோம். இரண்டரை அடி. அதன்படி வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் அடிக்கு வெளிப்பக்கம் வாட்டம் வைத்து சிமென்ட் பூச்சு, நடுவில் இரண்டரை அடிக்குக் கடப்பா கல், காம்பவுண்டை ஒட்டி ஒன்றரை அடிப் பாத்தி. கற்களை ஒட்டிப் பதிக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டுப் போட்டோம். கடப்பா கல்லை வழுவழுப்பாகவே போட்டது பெரிய தப்பு. அந்த ஐப்பசி மழையில் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை. அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு அத்தனை கல்லையும் கொத்திப் போட்டோம். பிறகு யாரும் வழுக்கவில்லை. இடைவெளியில் போட்ட சிட்டு ஜல்லி வெறுங்காலைக் குத்தியது. அதை அள்ளிவிட்டு வெயில் பக்கம் பொடுதலையும் ஈரப் பக்கம் வல்லாரையும் பரவ விட்டோம். மிதித்தாலும் இரண்டும் மறுபடி தழைக்கின்றன.

சந்தில் செடி வைத்தால் அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கும், கரையான் ஏறும், பாம்பு வரும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. சுவரோரம் அந்த ஓரடிப் பூச்சு அதற்காகத்தான். தண்ணீர் சுவரை விட்டு விலகிப் பாத்திக்கு ஓடும். உயரமாக வளரும் மரம் வைக்கவே கூடாது. நாங்கள் ஆசைப்பட்டு வைத்த முருங்கை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் பக்கத்து வீட்டுச் சுவர்மேல் சாய்ந்தது; செலவை நாங்கள்தான் கொடுத்தோம். செடிகளின் அடிப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்குத் தரை தெரியும்படி கிளை கழித்துவிடுவேன். உடைந்த தொட்டி, விறகு என்று எதையும் அங்கே சேர்த்து வைப்பதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு சாரைப்பாம்பு வந்தது, தன் வழியில் போய்விட்டது.

2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் முழுக்கக் கட்டாயமாக்கியபோது, மொட்டைமாடிக் குழாயைத் தெருவுக்குத் திருப்பாமல் சந்தின் நடுவில் ஒரு குழி தோண்டி, செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி அதில் விட்டோம். மேலே ஓட்டை போட்ட சிலாப், அதன்மேல் நடைபாதை. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தக் குழி தடுத்துவிடவில்லை. அன்று சந்து முழங்கால் அளவுக்கு நிறைந்தது. துளசியும் நந்தியாவட்டையும் அழுகிப் போயின. ஆனால் சாதாரண மழைக்கு எங்கள் சந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. 2019 கோடையில் பூண்டி, செம்பரம்பாக்கம், சோழவரம், புழல் ஏரிகள் வறண்டு, நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அப்போது அரிசி கழுவிய தண்ணீரையும் ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரையும் வாளியில் பிடித்து ஊற்றி, உதிர்ந்த இலையை மூடாக்காகப் போட்டே பாதிச் செடிகளைக் காப்பாற்றினேன்.

கறிவேப்பிலையில் பச்சைப் புழு வந்தால் நான் மருந்து அடிப்பதில்லை. அவை வண்ணத்துப்பூச்சியாகிப் போகும். சேம்பு இலைக்குப் பின்னால் தவளை இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில்கூட வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறேன்.

எங்கள் தெருவில் இன்று சந்தில் மண் தெரியும் வீடுகள் நாலுதான் மிச்சம். புது வீடுகளில் எல்லாம் காம்பவுண்டுவரை டைல்ஸ். அதன்மேல் விழும் மழை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடுகிறது, அதே வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்கிறார். இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. மேஸ்திரிகளிடமும் பொறியாளர்களிடமும் பேசி, சந்துத் தோட்டம் பற்றி உங்கள் நிருபர்கள் விரிவாக எழுத வேண்டும். அந்தக் கட்டுரை ஆடிக்கு முன்னால் வந்தால், நடுவதற்கு வசதியாக இருக்கும்.

அந்த இளம் தம்பதி டைல்ஸ் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு ஒரு வாளியோடு வந்து வல்லாரையும் கற்பூரவல்லிக் குச்சியும், எங்களிடம் மிஞ்சிக் கிடந்த கொத்திய கடப்பா கல் மூன்றும் எடுத்துப் போனார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை-44