ஆணி டயரும் தெருப் புழுதியும்

ஒஸ்லோ,
23 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாதது என் தவறுதான். "வண்டி எண்ணுவதற்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்று செல்வம் மாமா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எண்ணுவது நானல்ல, சாலைக்கு அடியில் பதித்திருக்கும் கம்பிச்சுருள்கள் எண்ணிக் கொடுக்கின்றன. ஒரு சாலையில் நாளொன்றுக்கு எத்தனை கார், எத்தனை லாரி, என்ன வேகம், எவ்வளவு ஏற்றம் என்று பார்த்து, ஒவ்வொரு வகை வண்டியும் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் மாசு விடும் என்ற கணக்கோடு பெருக்கி, காற்று வீசும் திசையையும் சேர்த்து, எந்தத் தெருவில் மூச்சு முட்டும் என்று மதிப்பிடுவதே என் வேலை.

இங்கே நார்வேயில் சென்ற ஆண்டு விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அப்படியானால் புகை போயிற்று, கவலை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்து வந்தேன். ஆனால் புகைக்குழாயே இல்லாத வண்டியும் டயரையும் சாலையையும் தேய்க்கத்தான் செய்கிறது. பனியில் வழுக்காமலிருக்கப் பலர் குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர் போடுகிறார்கள். அந்த ஆணிகள் தாரிலுள்ள கல்லையே அரைத்து மாவாக்குகின்றன. சாலை ஈரமாக இருக்கும்வரை அந்த மாவு ஒட்டிக்கிடக்கும். மார்ச்சில் வெயில் வந்து காய்ந்ததும் ஒரேயடியாகக் கிளம்பும். அதை அடக்க மக்னீசியம் குளோரைடு என்ற உப்பின் கரைசலைத் தெளிக்கிறார்கள். வேகம் கூடினால் அரைப்பும் கூடுமென்பதால், சில பெருஞ்சாலைகளில் குளிர்காலத்தில் மட்டும் 80 கிலோமீட்டர் வேகத்தை 60 ஆகக் குறைத்துவிடுகிறார்கள். ஆணி டயருக்கு நகராட்சி கட்டணம் வசூலிப்பதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

போன மாதம் நான் ஒரு தவறு செய்தேன். பனி உருகி ஈரமாகக் கிடந்த ஒரு வாரத்தைக் காய்ந்த சாலையென்று கணக்கில் போட்டுவிட்டதால், கருவி அளந்ததைப்போல் இரண்டு மடங்கு புழுதி வந்தது. வண்டிகளின் எண்ணிக்கையை இரண்டு நாள் சந்தேகப்பட்ட பிறகுதான் ஈரம் நினைவுக்கு வந்தது.

கீழ்வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. தன் காரின் நான்கு டயர்களையும் தானே கழற்றி மாட்டுகிறார். ஆணிகளை விரலால் தடவி, விழுந்தவை எத்தனை என்று எண்ணுகிறார். உதவப் போனால் விரட்டிவிட்டு, அரைமணி கழித்துப் பழுப்புப் பாலாடைக்கட்டியோடு கதவைத் தட்டுவார். அடிப்பிடித்த பால்கோவாவில் உப்புப் போட்டதுபோல் இருக்கிறது, இருந்தும் தின்றுவிடுகிறேன். சமையலுக்குக் குறைவில்லை, ரசமும் சோறும் போதும். அலுவலகத்துக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது. கோட்டும் இன்னொரு குளிர்காலம் தாங்கும்.

நேற்று பாட்டி டயர் மாற்றும்போது அந்த ரப்பர் வாசனை மாடிப்படிவரை ஏறிவந்தது. நம் பட்டறையில் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் செய்த டயர் சூட்டோடு வெளியே வரும் வாசனையேதான், அப்பா. சற்று நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டயரைச் சுரண்டும் இயந்திரத்தருகே நிற்கும்போது நீங்களும் முருகேசனும் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். வெறும் துண்டு போதாது, நல்ல முகமூடியாக வாங்கச் சொல்லுங்கள். பட்டறைக் கடனின் தவணையை ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன். அதுவரை வங்கியில் ஏதும் பேச வேண்டாம். தம்பி வாங்க நினைக்கும் பழைய லாரிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) எதுவரை இருக்கிறதென்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அம்மாவின் கண் அறுவைக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள். வளர்மதியின் வளைகாப்புக்கு என் பெயரில் பெரியம்மா கையால் வளையல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமரன்