வேகக் குறைவை ஒரே சதவீதத்தில் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ப்ராசஸர் பாதுகாப்புத் திருத்தங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எல்லா வேக இழப்பையும் ஒரே சதவீதத்தில் அடக்கிவிட்டு, லினக்ஸ் பயன்படுத்துவோர் கணினி தொடங்கும்போது 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்' என்ற அமைப்பைக் கொடுத்து அந்தத் திருத்தங்களை நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிந்திருந்தது. இதில் எனக்கு உடன்பாடில்லை.

ப்ராசஸர் அடுத்த கட்டளையை முன்கூட்டியே ஊகித்து ஓட்டுவதைப் பயன்படுத்தி ரகசியங்களைத் திருட வழிவிடும் ஸ்பெக்டர் என்ற குறைபாடு 2018 ஜனவரியில் வெளிப்பட்டபோது, அதன் இரண்டாம் வகைக்கு எதிராகக் கூகுள் முன்வைத்த ரெட்போலின் என்ற தடுப்பு, கம்பைலர் (நிரலை ப்ராசஸருக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) செய்யும் வேலை. ஓடும்போதுதான் முகவரி தெரியவரும் மறைமுக அழைப்புகளைக் கம்பைலர் மாற்றி எழுதுகிறது: போகவேண்டிய முகவரியை ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியில் வைத்து, ரிட்டர்ன் கட்டளை மூலம் அங்கே போகச் செய்கிறது. ப்ராசஸர் முந்திக்கொண்டு ஊகித்தால், அந்த ஊகம் ஒரு சிறு லூப்புக்குள் சிக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். சரியான ஊகத்தால் கிடைத்துவந்த வேகமும் இதனால் போய்விடுகிறது.

ஆகவே, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் எப்போதாவது நுழையும் கணக்கீட்டு வேலைக்கு இந்த இழப்பு உறைக்கவே உறைக்காது. பாக்கெட் (வலையில் போகும் தரவுத் துண்டு) ஒவ்வொன்றுக்கும் மறைமுக அழைப்புகளைச் செய்யும் நெட்வொர்க் வேலைக்கோ பலத்த அடி. லினக்ஸ் கெர்னலின் அதிவேகப் பாக்கெட் வசதியான எக்ஸ்டிபி வழியாகப் பாக்கெட்டுகளைத் திருப்பிவிடும் வேகம் விநாடிக்கு 13 மில்லியனிலிருந்து 6 மில்லியனாகச் சரிந்ததாக 2018-இல் கெர்னல் உருவாக்குநர்களே தெரிவித்தார்கள். அதற்காக அவர்கள் பாதுகாப்பைக் கழற்றி வைக்கவில்லை. சாதனங்கள் நினைவகத்தை நேரடியாக அணுகுவதைக் கையாளும் டிஎம்ஏ பகுதியில் வழக்கமான பாதையை நேரடி அழைப்பாக்கினார்கள். 2020 டிசம்பரில் வந்த கெர்னலின் 5.10 பதிப்பில், அரிதாகவே மாறும் முகவரிகளுக்கான அழைப்புகளை நேரடி அழைப்புகளாகத் திருத்திக்கொள்ளும் 'ஸ்டாடிக் கால்' வசதியைச் சேர்த்தார்கள்.

2022 ஜூலையில் வெளியான ரெட்பிளீட் என்ற தாக்குதல், ரெட்போலின் நம்பியிருந்த ரிட்டர்ன் கட்டளையையே குறிவைத்தது. அதற்கான தடுப்புகளால் 14 முதல் 39 சதவீதம் வரை கூடுதல் சுமை ஏற்படலாம் என்று அதைக் கண்டறிந்த ஜூரிக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதற்குப் பின் நடந்ததைத்தான்: இன்டெல்லின் ஸ்கைலேக் வகை ப்ராசஸர்களுக்கு, மறைமுக அழைப்புகளின் ஊகத்தைக் கட்டுப்படுத்த ப்ராசஸரிலேயே உள்ள ஐபிஆர்எஸ் தடுப்பு பெரும் சுமையாக இருந்ததால், அழைப்புகளின் ஆழத்தை எண்ணிக்கொண்டே போகும் முறை, கம்பைலரின் உதவியோடு கெர்னலின் 6.2 பதிப்பில் குறைந்த செலவிலான மாற்றாக வந்தது. கம்பைலர் வழித் தடுப்பு என்றாலே வேகத்துக்கு எமன் என்பது சரியல்ல.

பிறருடைய நிரல்களையும் ஓட்டும் சர்வரில் தடுப்புகளை மொத்தமாக நிறுத்துவது வாடிக்கையாளரின் கடவுச்சொற்களோடு விளையாடுவதாகும். அடுத்த முறை இத்தகைய அளவீட்டை வெளியிடும்போது, எந்த ப்ராசஸர், எந்தக் கெர்னல் பதிப்பு, என்ன வேலை என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.