லிண்டிஸ்ஃபார்ன் மழையில் கை கொடுத்தவர்களுக்கு

நியூகாசில் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போய்வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வேனிலிருந்து இறங்கியபோது எல்லோரும் தலையோடு கால் நனைந்திருந்தோம். யாரிடமும் சரியாக விடைபெறக்கூட முடியவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களில் சிலருக்குப் பெயரும் தெரியாது. அதனால்தான் எல்லோருக்குமாக இந்த மடல்.

அன்று வராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாண்ட் கரையிலிருந்து தீவுக்கு ஒரு தரைப்பாலம் போகிறது. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி அதை மூழ்கடித்துவிடும். எந்த நேரத்துக்குள் கடக்கலாம் என்று கவுண்டி கவுன்சில் அட்டவணை வெளியிடுகிறது. நேரம் தவறி மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார, வழியில் கம்பங்கள்மேல் ஒரு வெள்ளை மரக்கூண்டு நிற்கிறது. அதைப் பார்த்தாலே விளையாட்டுக்கு இல்லை என்பது புரிந்துவிடும். அன்று நான்கு மணிக்குள் எல்லோரும் கரையேற வேண்டும். ஆகவே வெளியூர்க்காரர் யார் எங்களுக்காகப் பத்து நிமிடம் நின்றாலும், அது அவர்களுடைய அளவான நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது.

முதல் நன்றி ஏற்பாடு செய்த அண்ணனுக்கு. மழை என்று தெரிந்ததும் பலர் தள்ளிப்போடச் சொன்னார்கள். அப்பா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார் என்பதற்காகவே நீங்கள் தேதியை மாற்றவில்லை. அப்பா ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். 635-இல் ஏய்டன் என்ற துறவி வந்து மடம் கட்டியது, 793-இல் வடக்கிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் கொள்ளையடித்தது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த மண்ணில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் சக்கர நாற்காலியில்தான் போக முடிந்தது. அதை வேனில் ஏற்றி இறக்கிய தம்பிகளுக்கும் நன்றி. ஒவ்வொரு முறையும் நாங்கள் கேட்பதற்கு முன்பே வந்து நின்றீர்கள்.

சிதிலமான மடாலயத்தில், கோபுரம் விழுந்த பிறகும் அந்தரத்தில் நிற்கும் அந்த ஒற்றை வளைவைப் பார்க்கும்வரை தூறல்தான். கோட்டைப் பக்கம் போய்த் திரும்பும்போதுதான் வட கடல் தன் வேலையைக் காட்டியது. மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. குடைகள் எல்லாம் மடங்கி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. பாதையின் நடுவில் நாற்காலியின் முன்சக்கரம் கழன்றது. பிடித்து வைத்தால் நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

அப்போது வந்தவர்கள்தான் பறவை பார்க்க வந்த ஒரு வயதான தம்பதி. ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் பிரென்ட் வாத்துகளைத் தேடி வந்தார்களாம். அவர் தொலைநோக்கியை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் மண்டியிட்டார். பையிலிருந்து கேபிள் டை எடுத்தார், போதவில்லை. தன் ஷூ கயிற்றைக் கழற்றி அச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். அந்த அம்மாள் அத்தனை நேரமும் தன் மழைக்கோட்டை அப்பாவின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களும் அதே தரைப்பாலத்தைத்தான் கடக்க வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, "நேரம் இருக்கிறது" என்றார், நிமிராமலே. கயிறில்லாத ஷூவை இழுத்து இழுத்து அவர் நடந்து போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஐயா, அம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களை அறிந்த யாராவது இதைப் படித்துச் சொன்னால் சந்தோஷம்.

அடுத்து புனித மேரி தேவாலயத்தில் இருந்த பெண்மணி. காய்ந்த துண்டு, நாற்காலி இரண்டும் கேட்காமலே வந்தன. அங்கே எல்ம் மரத்தில் ஃபென்விக் லாசன் செதுக்கிய பெரிய சிற்பம் இருக்கிறது: வைக்கிங்குகளுக்குப் பயந்து 875-இல் தீவைவிட்டுக் கிளம்பிய துறவிகள் ஆறு பேர், அங்கே முன்பு ஆயராக இருந்த புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பெண்மணிக்கு அதன் வரலாற்றை விளக்க ஆரம்பித்துவிட்டார்! தினமும் அதன் பக்கத்திலேயே இருப்பவர், முதல்முறை கேட்பதுபோல் கேட்டார். இதற்குத் தனியாக ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கட்டிய சக்கரம் கார் நிறுத்தம்வரை தாங்காது என்று தோன்றியது. வாசலில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஒரு தீவுக்காரர், அப்பாவையும் நாற்காலியையும் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். பணம் கொடுக்கப் போனேன். கையை ஆட்டிவிட்டு, "கடல் வருகிறது, சீக்கிரம் போங்கள்" என்பதோடு சரி. எங்கள் ஓட்டுநர் ஹீட்டரைப் போட்டு வேனைத் தயாராக வைத்திருந்தார். நாங்கள் தாமதமாக வந்தும் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. பாலத்தைக் கடந்தபோது தண்ணீர் சாலையோரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். எனக்குத்தான் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்புறம், பின்சீட்டில் இருந்த அக்கா. சுக்கு காபியும், உங்கள் வீட்டுக்காரரின் மாற்றுச் சட்டையும் இல்லாவிட்டால் அப்பாவுக்கு அன்றே காய்ச்சல் வந்திருக்கும். ஒரு தும்மல்கூட இல்லை, நன்றாக இருக்கிறார்.

தேவாலயத்துத் துண்டைத் துவைத்துத் தபாலில் அனுப்பிவிட்டோம். அக்கா, சட்டையும் பிளாஸ்கும் எங்களிடம்தான் இருக்கின்றன. அப்பா கிளம்புவதற்குள் நேரில் கொண்டுவந்து தர வேண்டும் என்கிறார்; வியாழன் மாலை வீட்டில் இருப்பீர்களா?