காகிதத்தின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

சென்னை ஓவிய இயக்கத்தின் ஓவியர்கள், சிற்பிகளின் குடும்பத்தாருக்கு,

வணக்கம். உங்களில் சிலர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். பலரை நேரில் தெரியாது. எல்லோரிடமும் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, அதில் உள்ளதை இன்று வரைகிற இளைஞர்கள் உட்கார்ந்து பார்க்க விடுங்கள்.

சட்டம் போட்ட ஓவியங்களைக் கேட்கவில்லை. அவற்றை வாங்கவும் காக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். பாதியில் நின்ற கோட்டோவியம், கண்காட்சி அழைப்பிதழ், கடன் கணக்கு எழுதிய நோட்டு, எழுதி அனுப்பாமல் விட்ட அஞ்சலட்டை, இதையெல்லாம்தான் கேட்கிறேன். "அதில் என்ன இருக்கிறது, வெறும் கிறுக்கல்" என்று நீங்கள் சொல்வது வழக்கம். என்ன இருந்தது என்று ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே டிரங்குப் பெட்டி ஒன்றை இறக்கினோம். அந்த வீட்டு அம்மா அடியில் செய்தித்தாள் விரித்து, அந்துருண்டை போட்டு, அத்தனை வருஷம் காத்து வைத்திருந்தார். அப்படியும் ஓரங்களை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. ஒரு தாளில் பேனாக் கோட்டில் இரண்டு மாடுகள். நான் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த மாணவி தாளைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் சாயக் கணக்கு: எந்த நிறம் எத்தனை கிராம், துணியை எத்தனை முறை முக்க வேண்டும், மெழுகு எவ்வளவு. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மெழுகுக் கறை. தொட்டால் இன்னும் வழவழப்பாக இருந்தது.

அந்தக் கறையின் கதை உங்களுக்குத் தெரியும். ஓவியத்தை வாங்க ஆள் இல்லாத காலத்தில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் இந்த இயக்கத்தின் முன்னோடி ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்தவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். அந்த உழைப்பு எந்தக் கண்காட்சிச் சுவரிலும் தொங்குவதில்லை. தாளின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த மாணவி மாடுகளை வரையவில்லை. கணக்கைப் படியெடுத்துக்கொண்டு போய், அதே அளவில் சாயம் கரைத்து, ஏழு துணிகளை முக்கி எடுத்தார். கொதிநீரில் போட்டு மெழுகை நீக்குவதுதான் முறை. அவர் நீக்காமல் விட்டார். மெழுகு வெடித்த கோடுகளோடு, துணிகள் தோல் மாதிரி விறைப்பாகத் தொங்கின. அந்த அம்மா பார்க்க வந்தார். மூன்றாவது துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இந்த மஞ்சள் எனக்குத் தெரியும். அவர் வேட்டியில் எப்பவும் ஒட்டியிருக்கும்" என்றார்.

பழையதை எடுத்துப் புதிது செய்வது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த வழி இல்லை. பணிக்கரே 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் ஏட்டுச்சுவடி போன்ற எழுத்துகளும்தானே நிறைந்திருக்கின்றன? அந்த எழுத்தை வாசிக்க முடியாது, ஆனாலும் கண் அதை விட்டு நகராது. அப்புறம் ஓவியர் விவான் சுந்தரம். தன் பெரியம்மா, ஓவியர் அம்ரிதா ஷெர்கிலைத் தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய புகைப்படங்களைக் கணினியில் வெட்டிச் சேர்த்து, 2001 வாக்கில் ஒரு புதிய படவரிசை செய்தார். வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்களில் இருந்தவர்கள் ஒரே அறைக்குள் வந்து நின்றார்கள். அவருக்குப் பெட்டி சொந்த வீட்டிலேயே இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். போலி ஓவியங்கள் சந்தைக்கு வருகின்றன, கோட்டோவியத்தைக் கொடுத்தால் அதை வைத்தே கள்ள ஓவியம் செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். நியாயம்தான். அதனால் கையெழுத்து இருக்கும் பகுதியைப் படமெடுக்க வேண்டாம். தாள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது: ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை வாரிசுகளுக்கே. 1977-இல் மறைந்த பணிக்கருக்கு 2037 முடிய, 2008-இல் மறைந்த ஓவியர் ஆதிமூலத்துக்கு 2068 முடிய. நீங்கள் ஒரு பக்கத்தில் "இன்னாருக்கு, இன்ன வேலைக்கு" என்று அனுமதி எழுதிக் கொடுத்தால்தான் இவர்கள் தைரியமாக வேலை செய்ய முடியும். குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய கடிதங்களை எடுத்து வைத்துவிடுங்கள். அதைக் கேட்கிற உரிமை யாருக்கும் கிடையாது.

ஒரு வீட்டில் நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் இரண்டு மூட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தன. வாடகை வீடு மாறும் அவசரம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிரவு தூக்கமும் வரவில்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பிறர் வேண்டாம் என்றதையெல்லாம் சேர்த்தார். அவர் சேர்த்தது இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம். எடைக்குப் போடும் முன் எங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கூப்பிடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். பெட்டியை நாங்களே இறக்கித் துடைத்து, திரும்ப ஏற்றியும் வைக்கிறோம். வெள்ளைத் துணியும் பென்சிலும் கொண்டு வருகிறோம். பேனா கொண்டு வர மாட்டோம்.

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியர்